பீப்பாயில் எத்தனை வருடம் என்று கேட்காதீர்கள், எந்த ஊர் என்று கேளுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பிதழின் பயணப் பக்கத்தில், ஸ்பெயின் போகிறவர்களுக்கு என்ன சாப்பிடலாம், என்ன குடிக்கலாம் என்று யோசனை சொல்லும் கட்டுரையைப் படித்தேன். ஒயினைப் பற்றி அதில் மூன்றே வரிகள். ஸ்பானிய ஒயின் என்றால் வடக்குப் பகுதியில் விளையும் ரியோஹா. பாட்டிலில் ‘கிரான் ரிசர்வா’ என்று போட்டிருந்தால் உசத்தி. அது கிடைக்காவிட்டால் ஒரு ஜாடி சங்ரியா, பழத்துண்டு போட்ட ஒயின். முப்பது வருடத்துக்கு முன்னால் எழுதியிருந்தால் பெரிதாகக் குறை சொல்லியிருக்க மாட்டேன். இன்று அந்த யோசனையை நம்பி இங்கே வருகிறவர், திராட்சைக் கொடிகளை வைத்து இந்த நாடு இப்போது செய்துகொண்டிருக்கிற அருமையான காரியத்தைக் கண்ணால்கூடப் பார்க்காமல் திரும்பிவிடுவார். அந்த ஆதங்கத்தில்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் தேனி மாவட்டம் சுருளிப்பட்டி. அப்பா பன்னீர் திராட்சை விவசாயி. கணவரின் வேலைக்காக மாட்ரிட் வந்து 13 வருடம் ஆகிறது. மொழி தெரியாமல் வீட்டில் முடங்கிக் கிடந்த காலத்தில், எங்கள் குடியிருப்புக்குக் கீழே இருந்த ஒயின் கடையில் அட்டைப்பெட்டி அடுக்கும் வேலைக்குச் சேர்ந்தேன். இன்று அதே கடையில் எந்த ஒயினை வாங்கி வைக்கலாம் என்று ருசி பார்த்துச் சொல்லும் மூன்று பேரில் நானும் ஒருத்தி. ருசி பார்ப்பது என்பது குடிப்பது இல்லை. ஒரு வாய் எடுத்து, நாக்கு முழுக்க உருட்டி, துப்பிவிட வேண்டும். காலை பதினொரு மணிக்கு, காப்பி படாத வாயோடு, வரிசையாக 20 பாட்டில். எங்கள் வீட்டில் யாருக்கும் குடிப்பழக்கம் கிடையாது. குடியால் அழிந்த வீடுகளை எங்கள் தெருவிலேயே பார்த்து வளர்ந்தவள் நான். இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு யாரும் புதிதாகத் தொடங்க வேண்டாம் என்பதையும் மனதாரச் சொல்லிக்கொள்கிறேன். திராட்சைக்காரர் மகளாக இங்கே நான் பார்த்ததைத்தான் எழுத வருகிறேன்.

முதலில் அந்தக் கிரான் ரிசர்வா. ரியோஹாவில் பல காலமாக இருக்கும் கணக்கு இது. சிவப்பு ஒயின் மொத்தம் இரண்டு வருடம் கிடந்து, அதில் ஒரு வருடமாவது பீப்பாயில் இருந்தால் கிரியான்சா. மூன்று வருடமும் அதில் ஒன்று பீப்பாயிலும் என்றால் ரிசர்வா. ஐந்து வருடம், அதில் இரண்டு பீப்பாயில் என்றால் கிரான் ரிசர்வா. பீப்பாய் 225 லிட்டர் பிடிக்கும். வெகுகாலம் அமெரிக்க ஓக் மரத்தில்தான் செய்தார்கள். ரியோஹா என்றதும் மூக்குக்கு வரும் வெனிலாவும் கொப்பரைத் தேங்காயும் கலந்த அந்த வாசம் மரம் கொடுத்தது, பழம் கொடுத்தது அல்ல. இந்தக் கணக்கைப் படித்தால் எத்தனை நாள் வைத்திருந்தார்கள் என்று தெரியும். எந்த ஊர்ப் பழம், மேட்டு நிலமா பள்ளமா, கொடிக்கு வயது என்ன என்று ஒரு சொல்லும் தெரியாது. பத்து ஊர்ப் பழத்தையும் ஒன்றாகக் கொட்டிக் கலந்தாலும் பெயர் அதேதான்.

பழைய முறையே மட்டம் என்று சொல்ல வரவில்லை. ஹாரோ ஊரில் 1877-ல் தொடங்கிய லோப்பெஸ் தெ எரேதியா என்ற குடும்பத்தார் இன்றும் அந்தப் பொறுமையோடுதான் செய்கிறார்கள். அவர்களுடைய தோந்தோனியா ஒயினை முதன்முதலில் வாயில் வைத்த அன்று நான் துப்பவில்லை. ஆனால் தோந்தோனியா என்பது பீப்பாயின் பெயர் இல்லை, எப்ரோ ஆற்றங்கரையில் அவர்கள் வைத்திருக்கும் தோட்டத்தின் பெயர் என்பதை உங்கள் கட்டுரையாளர் கவனிக்க வேண்டும்.

ரியோஹாவே 2017-ல் இதை ஒப்புக்கொண்டது. ‘வின்யேதோ சிங்குலார்’, அதாவது தனித்தோட்டம் என்று ஒரு வகையை அந்த ஆண்டு கொண்டுவந்தார்கள். கொடிகளுக்குக் குறைந்தது 35 வயது ஆகியிருக்க வேண்டும், கையால்தான் பறிக்க வேண்டும், சிவப்புத் திராட்சை என்றால் ஹெக்டேருக்கு 5,000 கிலோவுக்கு மேல் எடுக்கக் கூடாது. நம் கணக்கில் ஏக்கருக்கு இரண்டு டன். எங்கள் பந்தலில் ஏக்கருக்குப் பத்து டன் எடுத்த வருடத்தில்கூட அப்பா திருப்திப்பட்டதில்லை. இவ்வளவு குறைவாகக் காய்க்கச் சொல்லிச் சட்டமா என்று போனில் இரண்டு முறை கேட்டார்.

எனக்கு இதெல்லாம் புரிந்தது கடையில் இல்லை, கிரெதோஸ் மலையில். மாட்ரிட்டுக்கு மேற்கே, காரில் ஒன்றரை மணி நேரத்தில் செப்ரெரோஸ் என்ற ஊர் வரும். அந்தப் பக்கத்து மலைச்சரிவுகளில் கார்னாச்சா என்ற சிவப்புத் திராட்சை நிற்கிறது. சில தோட்டங்கள் 1,000 மீட்டருக்கும் மேல். கருங்கல் பொடிந்த மண், சில இடங்களில் பலகைக்கல். பல வருடம் அந்தப் பழத்தைக் கூட்டுறவுச் சங்கத்தில் எடை போட்டுக் கொட்டிவிட்டு வருவார்கள்; நெஞ்சை எரிக்கும் கெட்டி ஒயினாக, மொத்தக் கணக்கில் டேங்கரில் போகும். விலை கட்டாமல் பிள்ளைகள் மாட்ரிட்டுக்கு வேலைக்குப் போய்விட, கிழவர்கள் மட்டும் மிஞ்சினார்கள். அந்த நிலைமையில்தான் இளைஞர்கள் சிலர் அங்கே போனார்கள். ஃபெர்னாந்தோ கார்சியா, தானியேல் லாந்தி முதலானோர் 2008-ல் தொடங்கிய கொமாண்டோ ஜி என்ற ஒயின் நிறுவனம் அதில் பெயர் பெற்றது. கைவிடப்பட்ட துண்டு நிலங்களைத் தேடிப் பிடித்து, டிராக்டர் ஏறாத சரிவில் குதிரை வைத்து உழுது, ஒவ்வொரு துண்டின் பழத்தையும் தனித்தனியே ஒயினாக்கினார்கள்.

ஒரு அக்டோபர் முதல் வாரம், எங்கள் கடைக்குச் சரக்குத் தரும் ஒரு சின்ன விவசாயியின் தோட்டத்துக்குப் பழம் பறிக்கப் போனேன். பந்தலும் இல்லை, கம்பியும் இல்லை. முழங்கால் உயரத்தில் முறுக்கேறிய ஒரு கட்டை. அதிலிருந்து நாலைந்து கை விரிந்து, கவிழ்க்காத கிண்ணம் மாதிரி நிற்கிறது. இங்கே அதற்குப் பெயரே ‘வாசோ’, குவளை. ஒரு கொடிக்கும் அடுத்ததற்கும் நடுவே மாட்டுவண்டி போகிற இடம். பாசனம் கிடையாது. அப்பாவுக்கு வீடியோவில் காட்டினேன். “ஏ தாயி, பந்தல் இல்லாம தரையை ஒட்டிக் கெடந்தா குலை அழுகாதா?” என்று கேட்டார். பக்கத்தில் நின்ற தோட்டக்காரப் பெரியவரிடம் அதை மொழிபெயர்த்தேன். அவர் குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்து விரலிடுக்கில் உதிரவிட்டார். பொடியாகப் பறந்தது. இந்தக் காய்ச்சலில் அழுகுவதற்கு ஈரம் எங்கே என்பதுதான் பதில். அந்தக் கொடிகளை அவருடைய தாத்தா நட்டாராம். ஒரு கொடியில் நாலு குலை, ஐந்து குலை. பழம் சின்னது, தோல் ருசியானது.

அந்த நிலத்து ஒயின் எப்படி இருக்கும் என்று கேட்டால், கண்ணாடிக் கோப்பையில் ஊற்றியதும் ஏமாற்றமாக இருக்கும். மாதுளைச் சாற்றில் தண்ணீர் விட்ட நிறம். இது சிவப்பு ஒயின்தானா என்று கடைக்கு வருகிறவர்கள் கேட்பார்கள். மூக்கருகே கொண்டுபோனால் காய்ந்த ஆரஞ்சுத் தோலும் வெயிலில் காய்கிற மலைச்செடிகளும் மணக்கும். வாயில் லேசாக இறங்கி, கடைசியில் ஒரு துவர்ப்பு. நெல்லிக்காய் தின்ற பிறகு தண்ணீர் குடித்தால் வருமே, அப்படி ஒரு தித்திப்பு அதற்குப் பின்னால் நிற்கும். கொஞ்சம் குளிர வைத்தே கொடுக்கிறோம். சிவப்பு ஒயினைக் குளிர வைக்கக் கூடாது என்பது ஓக் மணக்கும் கனத்த ஒயின்களுக்குச் சொன்னது. 40 டிகிரி அடிக்கும் மாட்ரிட் கோடையில் இந்த மாதிரி ஒயின்தான் எங்கள் கடையில் முதலில் தீர்கிறது. கருப்பாக, கெட்டியாக, மரவாசத்தோடு இருந்தால்தான் நல்ல ஒயின் என்ற எண்ணம் மாறியிருப்பதே இந்தப் பத்து, பதினைந்து வருடத்தில் நடந்த பெரிய மாற்றம் என்று எனக்குப் படுகிறது.

கிரெதோஸில் இருப்பதற்கு நேர் எதிரான தோட்டத்தைப் பார்க்க வேண்டுமானால் வடமேற்கே கலீசியா போக வேண்டும். கம்பாதோஸ் பக்கத்தில் பேருந்தை விட்டு இறங்கியதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. கல்தூண்! ஆள் உயரத்துக்கு மேல் கருங்கல் தூண் நட்டு, கம்பி இழுத்து, மேலே கொடி படர விட்ட பந்தல். அடியில் முட்டைக்கோஸ். அப்படியே எங்கள் ஊர். அட்லாண்டிக் கடலிலிருந்து ஓயாமல் மழையைக் கொண்டுவரும் காற்று. தரையை ஒட்டி விட்டால் பூஞ்சணம் தின்றுவிடும், அதனால் கொடியைத் தூக்கிக் காற்றோட்டத்தில் வைத்திருக்கிறார்கள். அப்பாவின் கேள்விக்கு இங்கேதான் அர்த்தம் இருந்தது. அந்தப் பந்தலில் காய்ப்பது அல்பாரின்யோ என்ற வெள்ளைத் திராட்சை. முன்பெல்லாம் அறுவடை முடிந்த அடுத்த கோடைக்குள் குடித்துத் தீர்க்க வேண்டியது என்று விற்றார்கள். இப்போது அடியில் தங்கும் ஈஸ்ட் வண்டலோடு சேர்த்து மாதக்கணக்கில் வைத்து, சில வருடம் கழித்துக்கூட வெளியிடுகிறார்கள். எலுமிச்சைப் புளிப்பு அடங்கி, கடலோர உப்பு மேலே வரும். வஞ்சிரம் வறுவலோடு நான் ஒருமுறை வைத்துப் பார்த்தேன். எலுமிச்சை பிழிய மறந்துவிட்டேன், தேவையும் படவில்லை.

தெற்கே ஹெரெஸ். அந்த ஊர் ஒயினைத்தான் உலகம் ஷெர்ரி என்று சொல்கிறது. பலோமினோ என்ற வெள்ளைத் திராட்சை, சுண்ணாம்பு போல் வெளுத்த அல்பாரிசா மண். மற்ற ஊர்களில் ஒயின் மேல் காற்று படக் கூடாது. இங்கே பீப்பாயை நிரப்பாமல் வேண்டுமென்றே இடம் விடுவார்கள். மேலே ஈஸ்ட் ஏடு கட்டும். ‘ஃப்ளோர்’, பூ என்று அதற்குப் பெயர். அந்த ஏட்டுக்கு அடியில் வளரும் ஃபினோ, மன்சனியா என்ற ஷெர்ரி வகைகளை முகர்ந்து பார்க்கிற தமிழ் மூக்கு எதுவும் ஏமாறாது: ராத்திரி அரைத்து வைத்த தோசை மாவு விடியற்காலையில் பொங்கி நிற்கும் வாசம். சர்க்கரை துளியும் இல்லாத ஒயின். உப்பிட்ட பாதாமோடு, வறுத்த மீனோடு குடிக்கிறார்கள். ஷெர்ரி என்றால் இனிப்பு என்று நம்மில் பலர் நினைப்பது தவறு.

அங்கேயும் புதிய காற்று வீசுகிறது. ஃபினோவுக்கும் மன்சனியாவுக்கும் திராட்சைச் சாராயம் கலந்து ஆல்கஹாலை 15 சதவீதத்துக்கு ஏற்றுவது வெகுநாள் வழக்கம். பல வருடத்து ஒயினை அடுக்கு பீப்பாய்களில் கலந்துகொண்டே போவார்கள். ராமிரோ இபான்யெஸ், வில்லி பெரெஸ் போன்ற ஒயின் தயாரிப்பாளர்கள் சாராயம் சேர்க்காமல், ஒரே வருடத்து, ஒரே தோட்டத்துப் பலோமினோவை ஒயினாக்கி, மச்சார்னுதோ, மிராஃப்ளோரெஸ் என்று நிலத்தின் பெயரைப் பாட்டிலில் எழுதுகிறார்கள். ‘வினோ தெ பாஸ்தோ’ என்று அந்த ஊரில் வழக்கொழிந்த ஒரு பெயரையும் தூசி தட்டி எடுத்திருக்கிறார்கள். சாப்பாட்டோடு குடிக்கிற ஒயின் என்று பொருள். பலோமினோவுக்குத் தனி ருசி இல்லை, எல்லாம் பீப்பாயும் ஏடும் தருவது என்று எனக்குக் கடையில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அது சரியில்லை என்று என் நாக்கு சொன்ன நாள் எனக்குப் பெரிய நாள்.

மண்தாழியையும் சொல்ல வேண்டும். வில்யாரொப்ளேதோ என்ற ஊர் ஒரு காலத்தில் ஒயின் புளிக்க வைக்கும் பெரிய தாழிகளுக்குப் பேர்போனது. தினாஹா என்பார்கள். சிமெண்டுத் தொட்டியும் எவர்சில்வர் தொட்டியும் வந்ததும் தாழிகள் உடைந்தன, பூச்செடி வைக்கப் போயின. இப்போது தேடித் தேடி வாங்குகிறார்கள். வலென்சியா பக்கம் மோஷென்த் ஊரில் செய்யேர் தெல் ரௌரே என்ற தோட்டத்தார், நிலத்தடியில் புதைந்து கிடந்த பழைய தாழிகளைக் கழுவித் திரும்பப் புழக்கத்துக்குக் கொண்டுவந்து, கிட்டத்தட்ட மறைந்துபோயிருந்த மந்தோ என்ற சிவப்புத் திராட்சையை அதில் போடுகிறார்கள். மரவாசம் கிடையாது; காற்று மட்டும் மெல்ல உள்ளே போகும். புதுப் பானைத் தண்ணீரின் மணம் அதில் இருப்பதாக எனக்குத் தோன்றியது. கடையில் மற்ற இருவருக்கும் அது தெரியவில்லை. பானைத் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்கள் அல்லவே.

உங்கள் தொழிலோடு சேர்ந்த ஒரு செய்தி. கதலோனியாவின் தோரெஸ் குடும்பத்தார் 1980களில் உள்ளூர்ப் பத்திரிகைகளில் ஒரு விளம்பரம் கொடுத்தார்கள்: உங்கள் தோட்டத்தில் பெயர் தெரியாத திராட்சைக் கொடி இருந்தால் எங்களுக்குச் சொல்லுங்கள் என்று. 19ஆம் நூற்றாண்டில் ஃபிலாக்ஸெரா என்ற வேர்ப்பேன் ஐரோப்பாவின் கொடிகளைத் தின்று தீர்த்தபோது அழிந்துவிட்டதாக எண்ணிய ரகங்கள் ஏதாவது பிழைத்திருக்குமா என்ற தேடல். விவசாயிகள் சொன்னார்கள். இன்றுவரை 50க்கும் மேற்பட்ட ரகங்களை மீட்டிருக்கிறார்கள். அதில் ஃபோர்காதா என்ற வெள்ளை ரகமும் மொனேவ் என்ற சிவப்பு ரகமும் வெயிலையும் வறட்சியையும் தாங்குகின்றன, தாமதமாகப் பழுக்கின்றன. மழை பொய்த்து, 2024 பிப்ரவரியில் பார்சிலோனாவுக்கே வறட்சி நெருக்கடி அறிவித்த நாட்டில் இது சின்ன விஷயமில்லை. நாளிதழில் வந்த ஒரு சிறு விளம்பரம் ஒரு கொடியைக் காப்பாற்றியிருக்கிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கும்.

நுரைக்கும் ஒயினிலும் இதே சண்டைதான். காவா என்ற பெயருக்குள் மலிவுச் சரக்கும் நல்ல சரக்கும் ஒன்றாகக் கிடப்பது பிடிக்காமல், கிராமோனா, ரெக்கரேதோ உட்பட ஆறு தயாரிப்பாளர்கள் 2019 ஜனவரியில் வெளியேறி, கோர்பின்னாத் என்ற பெயரில் விற்கிறார்கள். இயற்கை விவசாயம், கைப்பறிப்பு, குறைந்தது 18 மாதம் பாட்டிலில். வாங்கும்போது அந்தச் சொல்லைப் பாருங்கள், போதும்.

கனேரித் தீவுகளுக்கு நான் ஒரு முறைதான் போயிருக்கிறேன். லான்சரோத்தேயில் 1730 முதல் 1736 வரை எரிமலை கொட்டிய சாம்பலில் ஆள் இறங்கும் குழி தோண்டி, குழிக்கு ஒரு கொடி நட்டு, காற்றுக்கு மறைப்பாக அரைவட்டக் கல்சுவர் கட்டியிருக்கிறார்கள். ராத்திரிப் பனியைச் சாம்பல் பிடித்து வைத்து வேருக்குக் கொடுக்கிறது. தெனெரிஃபேயின் ஒரோதாவா பள்ளத்தாக்கில் கொடியைப் பெண்பிள்ளைக்குச் சடை பின்னுவது போல் பல மீட்டர் நீளத்துக்குப் பின்னியிருக்கிறார்கள். உருளைக்கிழங்கு போடும் பருவத்தில் அந்தச் சடையைத் தூக்கி ஓரம் வைப்பார்களாம். அந்த ஊரின் லிஸ்தான் நெக்ரோ என்ற சிவப்புத் திராட்சை ஒயினில் மிளகும் புகையும் இருக்கும்.

எல்லாப் புதுமையும் நல்லது என்று நான் சொல்லவில்லை. ‘இயற்கை ஒயின்’ என்று, கெடாமல் காக்கிற கந்தகமே சேர்க்காமல் வருவதில் பாதியை நாங்கள் திருப்பி அனுப்புகிறோம். எலிப்பொந்து வாடை, காடி வாடை. அதைத் துணிச்சல் என்று சொல்லி விற்பது அந்தப் பழத்தை விளைவித்தவருக்குச் செய்யும் துரோகம். ஆனால் மீதிப் பாதியில் இருக்கும் உயிர்ப்பு வேறு எதிலும் இல்லை.

என் உண்மையான கவலை வேறு. உலகிலேயே அதிகப் பரப்பில், 9 லட்சம் ஹெக்டேருக்கும் மேல் திராட்சை நிற்கும் நாடு இது. ஆனாலும் 2008-க்குப் பின் மூன்று பருவங்கள், மிகுதியான ஒயினைக் குறைக்க வேண்டும் என்று கொடியைப் பிடுங்குகிறவர்களுக்கு ஐரோப்பிய ஒன்றியம் பணம் தந்தது. ஸ்பெயினில் பல்லாயிரம் ஹெக்டேர் போயிற்று. குறைவாகக் காய்க்கும் கிழட்டுக் கொடிகள்தான் முதலில் போகும், எந்த ஊரிலும் அதுதான் வழக்கம். காய்ப்பு குறைந்தால் பிடுங்கிவிட்டு மறுநடவு செய்வது எங்கள் ஊரிலும் உண்டு, நானே பிடுங்கியிருக்கிறேன். 80 வயதுக் கொடி இரண்டு கிலோ பழம்தான் தரும், அதற்கு நாலு மடங்கு விலை கிடைத்தால் ஒழிய அது நிற்காது. செப்ரெரோஸ் பெரியவருக்குப் பிள்ளைகள் இருவரும் மாட்ரிட்டில். தன் பழம் தன் ஊர்ப் பெயரோடு பாட்டிலில் போவதால்தான் இன்னும் கவாத்து வெட்டுகிறார்.

அதனால்தான் உங்கள் கட்டுரையின் மூன்று வரி எனக்கு உறுத்தியது. நம் ஊரிலிருந்து வேலைக்கும் படிப்புக்கும் சுற்றுலாவுக்கும் இங்கே வருகிறவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். எங்கள் கடைக்கே மாதத்துக்கு ஒரு தமிழ்க் குடும்பமாவது வருகிறது. வந்ததும் கிரான் ரிசர்வா கேட்கிறார்கள், ஊருக்குப் பரிசாகக் கொண்டுபோக. நான் உள்ளேயிருந்து ஒரு செப்ரெரோஸ் கார்னாச்சாவை எடுத்து வந்து ஒரு வாய் ஊற்றிக் கொடுப்பேன். அதைவிட விலையும் பெரும்பாலும் குறைவுதான். சங்ரியாவைப் பற்றியும் ஒரு வார்த்தை: இந்த ஊர்க்காரர்கள் கோடையில் கடைத்தெருவில் கேட்பது தின்தோ தெ வெரானோ, சிவப்பு ஒயினில் சோடாவும் ஐஸும். சங்ரியா ஜாடி பெரும்பாலும் சுற்றுலாப் பயணிகளின் மேசையில்தான் இருக்கும்.

அடுத்த ஞாயிறு இணைப்பில் அந்தக் கட்டுரைக்கு ஒரு திருத்தம் போடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். பெரிதாக வேண்டாம், ஒரு பெட்டிச் செய்தி போதும். செப்ரெரோஸ், கம்பாதோஸ், மச்சார்னுதோ, மோஷென்த், ஒரோதாவா என்று ஐந்து ஊர், தோட்டப் பெயர்களையும், ஒவ்வொன்றுக்கும் எதிரே அங்கே விளையும் திராட்சையின் பெயரையும் போட்டால், வெட்டிப் பணப்பையில் வைத்துக்கொள்வார்கள். உச்சரிப்பு பிசகாமல் தமிழில் நானே எழுதித் தருகிறேன். இந்தக் கடிதத்தோடு தனித்தாளில் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
கம்பம் பள்ளத்தாக்கு வாசகி,
மாட்ரிட்.